காரணம் என்ற கட்டம்

யாரோ இறந்துபோனார் என்று காதில் விழுந்த மாத்திரத்தில், "ஐயோ" என்பதற்கு முன்பாகவே "என்ன வயசு?" என்று கேட்டுவிடுகிற பிறவி ஒன்று உலகத்தில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எங்கே போய்விடப் போகிறீர்கள்? பஸ் நிறுத்தத்தில், பல் டாக்டர் வாசல் பெஞ்சில், உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு இரண்டு மேஜை தள்ளி, எங்கும் அவர் நிறைந்திருக்கிறார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இத்தனை நாள் திண்டாடியிருப்பீர்கள். காரணம் கேட்கிறவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் அப்படியே கூப்பிடலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அவருக்குக் கேள்விகள் நான்கு. வரிசை மாறாது. என்ன வயசு? சிகரெட் உண்டா? சர்க்கரை இருந்துச்சா? நடக்கப் போவாரா? செத்தவர் நல்லவரா, அழுவதற்கு யார் இருக்கிறார்கள், கடைசியில் ஏதாவது சொன்னாரா, இதெல்லாம் அவர் இலாகா இல்லை. முதல் கேள்விக்கு "எண்பத்து மூணு" என்று பதில் வந்ததோ, முகம் தெளிந்துவிடும். மனசுக்குள் ஒரு கழித்தல் போட்டு, தமக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, "நல்லா வாழ்ந்து முடிச்சிட்டாரு" என்று தாராளமாகச் சான்றிதழும் கொடுத்துவிடுவார். "ஐம்பத்திரண்டு" என்று வந்தால்தான் வினை. முகம் சுண்டிப்போய், உடனே இரண்டாவது கேள்விக்குத் தாவுவார். "பாக்கெட் பாக்கெட்டா ஊதுவாருங்க" என்று யாராவது ஒரு புண்ணியவான் சொன்னால் போதும், "பாத்தீங்களா!" என்று ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்த நிம்மதி ஒரு வாரம் மலையேறிக் காற்று வாங்கினாலும் கிடைக்காது. செத்தது அந்த ஆளின் தப்பு. இவரிடம் அந்தத் தப்பு இல்லை. ஆகவே இவர் சாகமாட்டார். இதற்குத்தான் அவர் துக்கம் விசாரிப்பது என்று பெயர் வைத்திருக்கிறார்.

மாதிரிக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். நான் முதல் மாடி. அவர் வீட்டு விவகாரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் மனைவியும் என் மனைவியும் ஒன்றாகத் துணி உலர்த்துகிறார்கள், வேறென்ன வேண்டும்?

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறார். அங்கே ஒரு படிவம், அதில் மூன்று கட்டம்: புகார், காரணம், தீர்வு. தீர்வு காலியாக இருந்தால் பரவாயில்லை, ஒருவரும் கேட்கமாட்டார்கள். காரணம் காலியாக இருந்தால் மட்டும் ஃபைலை மூட முடியாது. வேலையில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கட்டத்தை நிரப்பியே பழகிய மனுஷர், சாவையும் அதே படிவத்தில்தான் எழுதிப் பார்ப்பார். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தி, ஆட்சி, யுத்தம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேரே இரங்கல் விளம்பரங்களுக்குப் போய், பேனாவும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்து, "கழுத்தைப் பாரு, எவ்வளவு சதை" என்று காரணம் எழுதி மூடிவிட்டுத்தான் குளிக்கப் போவார். கட்டடத்தில் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். அவருக்கும் அது தெரியும், கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எழுதி மூடினால் முடிந்ததா? இல்லை. ஒவ்வொரு சாவும் போகிற போக்கில் அவர் வீட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போயிற்று. மாமா முறையில் ஒருவர் ரத்தக் கொதிப்பில் போனார், உப்பு போயிற்று. அலுவலகத்தில் ஒருவர் சாய்ந்தார், எண்ணெய் போயிற்று. எங்கேயோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்ததைப் படித்துவிட்டு லிஃப்டை விட்டார். மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர் கதை வந்ததும் மாடிப்படியும் சந்தேகத்துக்கு ஆளாயிற்று. மூன்றாம் மாடியில் நல்ல காற்றோடு இருந்தவர் கீழ்வீட்டுக்கு மாறி வந்தது அப்படித்தான். அவர் மனைவிக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் யாராவது ஒருவர் சரியாக மூழ்கித் தொலைப்பார், பேப்பரில் வந்துவிடும், இவரும் கத்தரித்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிடுவார்.

"பாத்தியா? கணுக்கால் தண்ணியிலதான் நின்னானாம்."

"நான் தண்ணிக்கிட்டயே போகலீங்க. தூரத்துலேர்ந்து பாக்கறேன்."

"அவனும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போயிருப்பான்."



இப்போது கண்ணாடிக் கடைக்காரரிடம் வருகிறேன். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், எங்கள் விசாரணைக்கு ஒரே சிநேகிதர், காலை நடையில் கூட்டாளி. பதினோரு வருஷம் இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றினார்கள். இவர் வாயைத் திறக்கமாட்டார், பேசினால் மூச்சு வீணாகிறதாம், விரல்விட்டுச் சுற்று எண்ணுவார். அவரோ வாயை மூடமாட்டார். வாடிக்கையாளர் கதை, பெண்டாட்டியோடு போட்ட சண்டை, தமக்கு வந்த கனவு, போன வாரம் வந்த வயிற்றுவலி, எல்லாவற்றையும் பூங்காவில் இருக்கிற மரங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நடப்பார். மற்றபடி இருவரும் ஒரே அச்சு. சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே உப்பில்லாத சாப்பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, கடையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர், "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே விழுந்தார். அந்த டீச்சர் கடைசி வரியைப் படித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பரிசோதித்த டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார்.

விசாரணைக்கு வந்ததே கோபம். "அது எப்படிங்க காரணமாகும்? எல்லாருக்கும் கடைசியில அதுதானே நிக்குது? குழாய்ல தண்ணி வரலன்னு புகார் வந்தா, 'காரணம்: தண்ணி நின்னுடுச்சு'ன்னு எழுதினா எங்க சூப்பிரண்டு விடுவாரா?"

அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பதும், விட்டுவிட்டு மறுபடி பிடிப்பதுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறீர்களா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் கண்ணைப் பார்த்த பிறகு வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு தப்பும் செய்யாமல் செத்திருந்தால், தப்புச் செய்யாமல் இருந்து என்ன பிரயோஜனம்? உப்பைக் கொடுத்து, எண்ணெயைக் கொடுத்து, மூன்றாம் மாடிக் காற்றையும் கொடுத்து அவர் வாங்கி வைத்திருந்த உத்தரவாதம் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது. காரணம் ஒன்று கிடைத்தே ஆகவேண்டும்.

கடைக்காரர் மனைவியிடம் போனார். ஒரு தரம் இல்லை, நான்கு தரம். நாலாவது தரம் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார், நானும் புத்தி கெட்டுப் போனேன். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து புருஷனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம ஏதாவது சாப்பிடுவாராம்மா? கடையில, யாருக்கும் தெரியாம?"

"இல்லீங்க."

"குறட்டை விடுவாரா?"

"இல்ல."

"சின்ன வயசுல கீழ விழுந்து அடிபட்டிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "என்ன தப்பு பண்ணாரு, என்ன தப்பு பண்ணாருன்னு நீங்க கேட்டுக் கேட்டு, நான்தான் ஏதோ பண்ணிட்டேனோன்னு எனக்கே ஆகிப்போச்சு அண்ணா. ராப்பகலா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அந்த இடத்திலேயே விசாரணைக்கு ஓர் அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. ஆனால் அவரோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார், கை மணிக்கட்டில் இருந்தது. அந்த அம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு இருக்குங்க. மனசுல இருக்கறத வெளிய சொல்லவே மாட்டாரு. எல்லாத்தையும் உள்ளயே போட்டுப் பூட்டி வெச்சுக்குவாரு."

பதினோரு வருஷம்! பதினோரு வருஷம் அந்த வாய்க்குப் பக்கத்திலேயே நடந்த காது அது. அந்தக் காதை வைத்துக்கொண்டு மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீங்களா!"

பெருமூச்சு விட்டார். முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. கொடுத்த காப்பியைக்கூடக் குடித்தார்.

அவர் செருப்பு மாட்டப் போன சமயம் பார்த்து நான் கேட்டேன். "உங்க வீட்டுக்காரராம்மா உள்ள வெச்சுக்குவாரு?"

"அவரா? தூக்கத்துலகூட வாய மூடமாட்டாரு." இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஏதாவது ஒண்ணு குடுக்காம இவரு போகமாட்டாரு போல இருக்கே அண்ணா. சாப்பாட்டுல கோளாறுன்னு சொல்லியிருந்தா, பாவம் அவரு வீட்டு அக்கா தட்டுலேர்ந்து இன்னும் எதையாவது எடுத்துடுவாரு. அதான் யாரு தட்டுலயும் கை வைக்காத காரணமாப் பாத்துக் குடுத்தேன்."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது எங்கள் எல்லோருக்கும் கஷ்டகாலம். உள்ளே வைத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆகிவிட்டதே, மனுஷர் எதையும் வைத்துக்கொள்வதாக இல்லை. அலுவலகத்துக்குப் போனதும் சூப்பிரண்டிடம், "உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு சார், ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். என்னிடம் வந்து, நான் நாற்காலி இழுக்கிற சத்தம் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்றும், என் கதைகள் எதையும் அவர் கடைசிவரை படித்ததில்லை என்றும் சொன்னார். முதலாவதை மன்னித்துவிட்டேன். மனைவியிடம், "உன் தங்கச்சி வீட்டுக்காரர் சொல்ற ஜோக்குக்கு ஒரு தடவகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்ல" என்றார். "எனக்கும்தான்" என்றாள் அவள்.

இப்படி நாலு நாள் அள்ளி அள்ளிக் கொட்டியதில் உள்ளே இருந்ததெல்லாம் காலியாகிவிட்டது. அடியில் ஒன்றே ஒன்று மிச்சம். அஞ்சாம் நாள் சாயங்காலம், அவள் தட்டு வைத்தபோது அதுவும் வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குங்க?"

"செத்துடுவேன்னு."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கும்தாங்க."

"உனக்குமா?"

"பின்ன? நான் என்ன கல்லா? பதினஞ்சு வருஷமா கடல் கடல்னு எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கேன்? பாக்காமலே போயிடுவேனோன்னுதான்."

ஊரில் இருக்கிற ஒவ்வொரு சாவுக்கும் ஃபைல் போட்டவர், பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளும் ஒரு நாள் போய்விடுவாள் என்பதற்கு ஒரு காகிதம்கூடப் போட்டதில்லை. கீழ்வீட்டு அம்மாள் என் மனைவியிடம் இதைச் சொல்லும்போது அழுதாளாம். என் மனைவி என்னிடம் சொல்லும்போது அவளும் அழுதாள். நான் அழவில்லை, நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் அவர் லீவு விண்ணப்பம் கொடுத்தார். அதிலும் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'கடல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

போனார்கள். ஆள் திருந்திவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் திருந்தினால் அவர் எப்படி நம் ஆள்? அலையிலிருந்து நாற்பதடி தள்ளி ஷூவோடு உட்கார்ந்துகொண்டார். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் சின்னப் பெண் மாதிரிக் கத்திச் சிரித்தாளாம். இவர், "போதும், போதும் வா!" என்று கரையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே, பக்கத்தில் வந்த பலூன்காரரிடம் கேட்டார்.

"இங்க யாராவது முழுகியிருக்காங்களா?"

"போன மாசம் ஒருத்தர் சார்."

"என்ன வயசு?"

நல்லது. உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும், இப்படியும் ஓர் ஆளா என்று. இருக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடிக் கடைக்காரருக்கு என்ன வயது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? எண்பத்து மூன்றையும் ஐம்பத்திரண்டையும் சொன்னவன் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கடையில் விழுந்த இடத்திலேயே உங்களுக்கு அது உறுத்தவில்லையா? ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் என்று படித்தபோது, எந்த வருஷம் என்று மனசுக்குள் ஒரு கழித்தல் போடத் தயாராகவில்லையா? இப்போதுகூடக் கண் மேலே போய்த் தேடிவிட்டு வருகிறது, பாருங்கள். தேட வேண்டாம், அங்கே இல்லை. நான் சொல்லப் போவதும் இல்லை. சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, தினமும் நடந்தார், அவ்வளவுதான் உங்களுக்கு.

எனக்குத் தெரியும். சேதி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.