‘போடறனுங்க’ சேர்த்த மைல்கள்

பில்லைக் கண்டு முகம் மலர்ந்த ஒரே மனிதரை இந்த உலகத்தில் நான்தான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் எடிசன் என்கிற ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில், நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த சின்ன டிபன் ஓட்டலுக்குச் சனிக்கிழமைதோறும் வருவார். கோயமுத்தூர்ப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் பாங்குக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘போடறனுங்க’.

நண்பர்கள் கூட்டமாக வந்து சாப்பிடுவார்கள். சர்வர் பில்லோடு சமையலறைக் கதவைத் தாண்டுவதற்குள் ஒரு கை நீளும். “கார்டுல நான் போடறனுங்க. நீங்கெல்லாம் கேஷ் குடுத்துருங்க.” பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதில்கூட அவ்வளவு சுத்தம் இருக்காது.

பக்கத்து மளிகைக் கடையில், முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டி அரிசி மூட்டையோடு வரிசையில் நின்றார். இவர் பின்னாலிருந்து, “ஆன்ட்டி, உங்களுதையும் நானே போடறனுங்க” என்றாராம். அந்தம்மா அரிசியை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்கு ஓடிவிட்டார். செத்தவனுக்கு மாலை வாங்கப் போனாலும் இவன் கார்டை நீட்டுவான் என்று நண்பர்கள் சொல்வார்கள். நண்பனின் விமான டிக்கெட்டையே இவர் கார்டில் போட்டிருக்கிறார்.

“எதுக்குப்பா இந்த வேலை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மைலுங்கண்ணா. கார்டுல செலவு பண்ணப் பண்ண ஏர்லைன்ஸ்காரன் மைல் குடுக்கறான். சேந்துருச்சுன்னா வூட்டுக்காரியும் பாப்பாவும் ஓசியில வந்தர்லாம்.”

பாப்பா பிறந்த பிறகு அவர் ஊருக்குப் போனதே இல்லை. பர்ஸைத் திறந்து படத்தைக் காட்டினார். கார்டுகளுக்கு நடுவே அகப்பட்டுக் குழந்தையின் முகத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும். கார்டில் தேய்ப்பது பாங்கிடம் வாங்குகிற கைமாற்று. நண்பர்கள் கொடுத்த ரொக்கத்தை அப்படியே கொண்டுபோய் பாங்கில் கட்டியிருந்தால் அவரைப்போல் கெட்டிக்காரர் கிடையாது. ஆனால் நோட்டு கைக்கு வந்துவிட்டால் அது நம் பணம்தான் என்று மனசு சொல்லிவிடுகிறது. அந்த நோட்டில் பாப்பாவுக்கு கவுன் வாங்கினார். ஊருக்குப் பேச போன் கார்டு வாங்கினார். குடும்பம் வந்தால் படுக்க வேண்டுமே என்று பெரிய கட்டில் வாங்கிப் போட்டு, அதன் ஓரத்தில் தனியாகப் படுத்துக்கொண்டார்.

“பாங்குக்குக் கட்டறியாப்பா?”

“மினிமம் கட்டிடறனுங்கண்ணா. ஒரு பிரச்சினையும் இல்ல.”

மினிமம் என்பது, பாங்க் இந்த மாதம் இவ்வளவாவது கொடு என்று கேட்கிற சொற்பத் தொகை; மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான். பால் அடங்கும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு கார்டு நிரம்பியதும் இன்னொன்று வாங்கினார்.

“தம்பி, நீ குடுக்கற வட்டியில டிக்கெட்டே எடுத்துடலாமே.”

“போங்கண்ணா, நீங்க தோசைக் கணக்கு சொல்றீங்க.”

இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தன. சனிக்கிழமைக் கூட்டம் இளைத்தது. வந்தவர்களும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அப்படி ஒரு நாள், எல்லோரிடமும் ரொக்கத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இவர் கார்டை நீட்டினார். மெஷின் ஏற்கவில்லை. இன்னொரு கார்டு. அதுவும் இல்லை. பின்னால் நண்பர்கள் பல் குத்திக்கொண்டு நின்றார்கள். அவர் காதுகள் சிவந்துபோயின.

“மெஷின் கெட்டுப்போச்சுப்பா” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “காலையிலேர்ந்து இதே தொல்லை. இன்னிக்கு கேஷ்தான்.”

பையிலிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடுத்து வந்த குடும்பம் கார்டை நீட்டியது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர்களிடமும் ரொக்கம் கேட்டேன். அன்று முழுக்க அப்படியே. ராத்திரி முதலாளி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்.

அவருக்கு வேலை போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்த நோட்டுகள்தான் அந்த மாத மினிமம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காரையும் கட்டிலையும் விற்று ஒரு கார்டை அடைத்தார். மற்றது அப்படியே நின்றது. வேலையில்லாமல் விசாவும் நிற்காது. டிக்கெட்டுக்குக் காசில்லை; மைல் மட்டும் இருந்தது. பெண்டாட்டியையும் பாப்பாவையும் அழைத்து வரச் சேர்த்த மைலில் அவர் தனியாக ஊருக்குப் புறப்பட்டார்.

பெட்டியோடு சொல்லிக்கொள்ள வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தார்.

“இன்னிக்கு நான் போடறேன்” என்றேன்.

பர்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

அதற்கப்புறம் கூட்டமாக வருகிறவர்கள் முன்னால் பில்லை வைத்தால் எல்லோரும் விட்டத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும்.

வெகுநாள் கழித்து ஓட்டலுக்கு ஒரு போன். அவர்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாராம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து அனுப்பி, நின்றுபோன கார்டையும் முழுசாக அடைத்துவிட்டாராம். பின்னால் ஒரு குழந்தை, நான் பேசறேன் நான் பேசறேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

“அப்பறம் ஏனுங்கண்ணா, அந்த மெஷினை ரிப்பேர் பண்ணிட்டீங்களா?”

கல்லாவில் இருந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

“எங்கப்பா, நீ வந்து தேச்சாத்தான் ஓடும்போல” என்றேன்.