மழைக்கணக்கின் மேல் ஒரு புகார்

இந்த வருஷம் மக்காச்சோளம் விதைக்கும் நாளைத் தானே குறிப்பது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மனைவியைக் கேட்பதாக இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் ஊரில் "சரிம்மா" என்று பட்டம் வாங்கியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் நிலப் பத்திரத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. டிராக்டர் பட்டறைக்குப் போனால் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சரிம்மா, இந்தத் தடவை எப்ப விதைக்கச் சொல்லியிருக்காங்க?" என்று விசாரிப்பார். ஒரு மனுஷன் எத்தனை வருஷம்தான் பொறுப்பான்?

முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரைப் பாதி வழியில் பிடித்து, தொப்பலாக நனைத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு நின்றுவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே, நாளைக்குக் காலையில் விதைப்பு என்று அறிவித்தார்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மண் ஒரு விரல்கடைகூட நனையவில்லை, இன்னொரு மழை பார்த்துப் போடலாம் என்றாள்.

"என் பனியன் வரைக்கும் நனைஞ்சிருக்கு," என்றார் அவர்.

"அப்ப பனியன்ல விதைங்க."

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவருக்குப் பதில் தோன்றியது. நீ சொல்வதும் வேண்டாம், நான் சொல்வதும் வேண்டாம், புள்ளிவிவரம் சொல்லட்டும் என்றார்.

போன மாதம் விவசாயிகள் கூட்டத்தில் வேளாண்மை அதிகாரி அம்மா ஒருத்தர், யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கிற மாதிரி அரசாங்கம் போட்டு வைத்திருக்கும் இணையப் பக்கம் ஒன்றைக் காட்டியிருந்தார். எந்த ஊரில் எவ்வளவு மழை, மண்ணுக்கு அடியில் எவ்வளவு ஈரம், போன வருஷங்களில் முதல் மழைக்குப் பிறகு அடுத்த மழை எப்போது வந்தது, எல்லாம் அதில் இருந்தது. காசு கிடையாது. ஒளிவுமறைவு கிடையாது. அதைவிட முக்கியம், அது அவளுக்குச் சொந்தக்காரர் கிடையாது.

மறுநாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் ஊரில் பெய்தது சொற்ப மழை. மேல்மண்ணில் மட்டும் ஈரம். முந்தைய வருஷங்களில் பெரும்பாலும் முதல் மழைக்குப் பின் நீண்ட வெயில். அடுத்த மழைவரை பொறுப்பது நல்லது. அப்படியே மனைவி சொன்னதுதான். வெங்காயம் மட்டும்தான் இல்லை.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர் மழையை அளந்தவன் தூங்கிக்கொண்டே அளந்திருக்கிறான் என்றார். இதை இப்படியே விடக் கூடாது என்றார். விட வேண்டாம், நேரே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள் மனைவி. மேல் வயல் தன் பேரில் இருப்பதால் அதில் மட்டும் கை வைக்க வேண்டாம், கீழ் வயல் அவர் இஷ்டம் என்றும் சொன்னாள்.

கீழ் வயலில் விதைத்து முடித்தார். கால் கழுவிவிட்டு வந்தால், சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அதிகாரி அம்மா உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஊர் மழையை அளக்கிற ஆள் சரியில்லை என்றார் இவர். சோம்பேறி, வேலை தெரியாதவன், வீட்டில் அவனைத் தட்டிக் கேட்க ஆளில்லை போலிருக்கிறது என்றார்.

ஊருக்கு ஒருவர் தாமாக முன்வந்து தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவு அனுப்புகிறார், அப்படி நூற்றுக்கணக்கான ஊர்களின் அளவு சேர்ந்ததால்தான் விதையை எப்போது மண்ணில் போடலாம் என்று இன்று சொல்ல முடிகிறது என்று அதிகாரி அம்மா விளக்கினார். அவர்களில் இவர் ஊர்க்காரர்தான் ரொம்பக் கெட்டியாம். எப்போதாவது ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் காரணம் எழுதிவிடுவாராம். கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வீட்டுக்காரர் மழைமானியின் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டதால் இன்று அளவு இல்லை."

அவர் வீட்டுக் கொல்லையில் வேலியோரம் இடுப்பு உயரத்தில் ஒரு தகர உருளை நிற்கிறது. துண்டு காயப்போட என்ன வசதி என்று அவரே பல நாள் அதை மெச்சியிருக்கிறார்.

"இதை எல்லாரும் பாக்கலாமா?"

"எல்லாரும் பாக்கத்தானே ஐயா போட்டிருக்கோம்."

புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பதிவாகிவிட்டது, நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றார் அதிகாரி அம்மா.

வீட்டுக்கு வந்ததும், மழை அளப்பதாக என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டார்.

"சொன்னேன். 'சரிம்மா'ன்னீங்க."

அதன் பிறகு வெயில் அடித்தது அடித்தபடி இருந்தது. கீழ் வயலில் முளைத்ததெல்லாம் மஞ்சளாகி, சுருண்டு, அப்பளமாக நொறுங்கியது. ஊரில் பாதிப் பேர் அந்த இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு விதைக்காமல் காத்திருந்தார்கள். மெக்கானிக்கும் பார்த்திருந்தார். "துண்டு காஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். இவர் பட்டறைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். அடுத்த மழை நின்று பெய்து, அடிமண்வரை ஈரம் இறங்கிவிட்டதாக இணையப் பக்கத்தில் வந்த அன்றுதான் மனைவி மேல் வயலில் விதைத்தாள். அது பச்சைப் பாயாக எழுந்தது. கீழ் வயலுக்கு மறுபடி போட, அவளிடம்தான் விதை கேட்டு வாங்கினார்.

அறுவடைக்கு முன்னால் அதிகாரி அம்மாவே வீடு தேடி வந்தார். புகார் வந்த ஊரில் அளவெடுக்க இன்னொரு ஆளையும் போட வேண்டும் என்பது விதியாம். மழைக்கணக்கில் இவ்வளவு அக்கறை உள்ளவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லாததால், புகார் கொடுத்தவரையே உதவியாளராகப் போட்டாயிற்றாம். சம்பளம் இல்லை. தினமும் விடிகாலையில் எழ வேண்டும்.

மறுநாள் இருட்டோடு அலாரம் அடித்தது. அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்தார். மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"உதவிக்கு ஒரு ஆள் குடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தேன். யாராவது புகார் குடுத்தாத்தான் போட முடியும்னு சொல்லிட்டாங்க," என்றாள் போர்வைக்குள்ளிருந்து. "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."