பேருந்துக் கதவில் ஒட்டிக்கொண்ட தங்கள் மகளைப் பற்றி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் என் தங்கையும் தங்கள் கடையும் நலமாயிருக்க விரும்புகிறேன். கடையைப் பற்றிய விருப்பம் மட்டும் சற்றுக் குறைந்திருப்பதன் காரணம் போகப்போகத் தங்களுக்கே விளங்கும். எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகும் தங்கள் மகளும், வலது உள்ளங்கை நீங்கலாக, நலம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சது போதும், ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன், கடையில உக்காரட்டும். நீங்க வான்னா வரேன், வேணாம்னா வேணாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் படிப்பை என் ஒற்றைச் சொல்லில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். எனவே நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட்டு, என் முடிவை இறுதியில் எழுதுகிறேன். நான் கோபத்தில் எழுதுவதாக எண்ண வேண்டாம். கோபமாயிருந்தால் தொலைபேசியில் பேசியிருப்பேன்.

நகராட்சியின் போக்குவரத்துத் திட்டப் பிரிவில் நான் பொறியாளன் என்பது தங்கள் திருமணத்தின்போது தங்களுக்குச் சொல்லப்பட்டது, மறந்திருக்கலாம். இந்நகரின் நீளமான சாலையில் பேருந்துகளுக்கென்று தனிப் பாதை ஒதுக்க வேண்டும் என்பது என் திட்டம். பேருந்து நேரத்துக்கு வந்தால் மக்கள் அதில் ஏறுவார்கள், ஏறினால் கார்கள் குறையும், கார்கள் குறைந்தால் புகை குறையும். உலகம் சூடாகிறது என்று எல்லோரும் மேடையில் கவலைப்படுகிறார்களே, அந்தக் கவலைக்கு என் பங்காக என்னால் செய்ய முடிந்தது சாலையில் ஒரு மஞ்சள் கோடு. பதினோரு ஆண்டுகளாக அது காகிதத்திலேயே கிடக்கிறது. தேர்தல் வந்தது, நகராட்சிக் கமிட்டி ஒத்திவைத்தது. மழை வந்தது, ஒத்திவைத்தது. கமிட்டித் தலைவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள், அதற்கும் ஒத்திவைத்தது. பல்லுக்கும் பேருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் உரிமை என் பதவிக்கு இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை என் கோடு கமிட்டியின் முதல் பொருளாக வைக்கப்பட்டிருந்தது. பேருந்துத் திட்டத்தை விளக்கப் போகிறவன் காரில் போய் இறங்கினால் நன்றாயிராது என்று, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பாலத்துக்கு இப்பால் பேருந்து நின்றது. முன்னால் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் "இன்னும் எவ்வளவு சூடாகணும்?" என்று எழுதிய பலகைகளோடு சாலையின் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் என் வழக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது. கார்களெல்லாம் ஒரு நிமிடம் ஹாரன் அடித்துவிட்டு, பின்வாங்கி, பக்கத்துச் சந்துகளில் புகுந்து போய்விட்டன. பெரிய கார் முதலில் போயிற்று. திரும்ப வழியில்லாமல் நின்றது எது? பேருந்து மட்டும்தான். கார்கள் தப்பித்துக்கொண்டதைப் பார்த்த இளைஞர்களுக்கும் மறிக்க வேறெதுவும் மிஞ்சவில்லை. ஆகவே இருவர் எழுந்து ஓடி வந்து, ஒருவர் முன் கதவிலும் ஒருவர் பின் கதவிலும் பசை தடவி உள்ளங்கையை ஒட்டிக்கொண்டார்கள். பின் கதவில் இருந்தவன் ஒட்டகம் என்று நண்பர்களால் அழைக்கப்படும் உயரமான பையன். முன் கதவில் இருந்தவர் தங்கள் மகள்.

கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே முதல் படியில் நான், வெளியே அவள். என் மூக்குக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அவள் முகம் வெளுத்த வெளுப்பை ஒரு தாய்மாமனாக நான் கொஞ்சம் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

"மாமா! நீங்க எங்க இதுல? நீங்க கார்லதானே போவீங்க?"

"இன்னிக்கு பஸ்ல வந்தேன்."

"என்ன மாமா, பதினோரு வருஷமா பஸ்ஸுக்குப் பாதை போடுறீங்க, இன்னிக்குத்தான் பஸ்ல ஏறியிருக்கீங்களா?"

பேருந்து முழுவதும் சிரித்தது. சிரித்த அந்தப் பயணிகளைக் காப்பாற்றத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஓட்டுநரிடம் அவசர வழிச் சன்னலைத் திறக்கச் சொன்னேன். நல்ல மனிதர், விதியை மீறாதவர். "தீப்பிடிச்சாத்தான் சார் தெறக்கணும்" என்றார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து தங்கள் மகள், "அதைத்தாண்ணே நாங்களும் சொல்றோம். பிடிச்சாச்சு!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவர். என்னை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியில் முகத்தை வைத்து, "ஏம்மா, பூமியைக் காப்பாத்துறே, சரி. லேட்டாப் போனா என் சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னை எவ காப்பாத்துவா?" என்று கேட்டார். தங்கள் மகள் கையை எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அலமாரி ஆடுகிறது என்று அவள் சொன்னதற்காகத் தாங்கள் கடையிலிருந்து அனுப்பிய பசை அது; யானை இழுத்தாலும் விடாது என்று தங்கள் கடைப் பலகையில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறீர்களே, அதே பசை. தங்கள் விளம்பரத்தில் நான் கண்ட ஒரே உண்மை அது.

வெந்நீரும் சோப்பும் கொண்டு வருவதற்குள் கமிட்டி கூடிக் கலைந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பின் அட்டையைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டி, "படி. இதைத்தான் நீ ஒட்டி வச்சிருக்கே" என்றேன். "பேருந்துக்குத் தனிப் பாதை" என்று எழுத்துக் கூட்டுகிறவள் போல மெதுவாகப் படித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் தங்கள் மகள் அல்லவா, வாய் மட்டும் அடங்கவில்லை: "பதினோரு வருஷமா நீங்க கதவைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க மாமா. யாராவது தெறந்தாங்களா? அதான் நாங்க ஒட்டிக்கிட்டோம்." அந்த நேரத்தில்தான் எவனோ படம் எடுத்திருக்கிறான். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம், கீழே "போராட்டக்காரர்களிடம் சிக்கித் தவித்த முதியவர்." எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆசிரியருக்கு மறுப்பு எழுதியிருக்கிறேன்.

இனி நியாயம் பேசுவோம். இப்படிச் சாலையை மறிப்பதால் அவர்கள் சொல்லும் காரியத்துக்கு நன்மையா கேடா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். கேடு என்பதற்கு என்னிடம் வெள்ளைத் துணி போன்ற சான்று இருக்கிறது. அந்தப் பெண்மணியை மறுநாள் அதே பேருந்தில் பார்த்தேன். (ஆம், பேருந்தில்தான் போகிறேன்.) சூப்பர்வைசர் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "இனிமே பஸ்ஸு, பாதை, பூமின்னு எவனாவது கையெழுத்துக் கேட்டு வரட்டும், நல்லா நாலு குடுக்கிறேன்" என்றார். என் கோடு யாருக்காகவோ அவரே என் கோட்டுக்கு எதிரியாகிவிட்டார். காரில் போனவருக்கு நட்டமில்லை. அவர் சந்தில் புகுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். மறிப்பதென்றால் யாருடைய வழியை மறிக்கிறோம் என்று பார்த்து மறிக்க வேண்டும், ஒட்டுவதென்றால் எந்தக் கதவில் ஒட்டுகிறோம் என்று பார்த்து ஒட்ட வேண்டும். தவறான கதவில் ஒட்டிய கை உரியவர்களுக்கு வலிக்கவே வலிக்காது. இதைத் தங்கள் மகளிடம் சொன்னேன். அடுத்த நாள், தோல் உரிந்த கையில் கட்டோடு அந்த மருத்துவமனைக்குப் போய், சூப்பர்வைசரிடம் "அவங்க மேல தப்பில்லை சார், நான்தான் கதவை அடைச்சேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அவளையும் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஆனால் நன்மையே இல்லை என்று எழுதினால் என் படிப்பு என்னை மன்னிக்காது. அந்தப் பாழாய்ப்போன படத்தில் என் கோப்பின் அட்டை பளிச்சென்று தெரிகிறது. வாசகர் கடிதங்கள் வருகின்றன. பாதிப் பேர் இந்தப் பிள்ளைகளை உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். மீதிப் பேர், "அந்தப் பெரியவர் கையில இருக்கே, அது என்ன திட்டம்? ஏன் இன்னும் நடக்கலே?" என்று கேட்கிறார்கள். ஒரு நிருபர் அலுவலகத்துக்கே வந்து அறிக்கையின் பிரதி கேட்டார். பதினோரு ஆண்டுகளில் என் அறிக்கையைக் கேட்டு வாங்கிய முதல் மனிதர். வாசிக்கவும் செய்திருக்கிறார், ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பிழையை அவர் எதிரிலேயே திருத்தினேன் மாப்பிள்ளை. ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் அந்தத் துணி வெளுக்கும் பெண்மணி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து விடை சொல்ல நானும் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

விடை வராத இடத்தில் தலைவர் என்னை அழைத்தார். பல் பிடுங்கிய அதே தலைவர். நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. "பேப்பர்ல பாத்தேன். உங்க வீட்டுப் பொண்ணாமே? முதல்ல அதை அடக்குங்க. ஊரைவிட்டு அனுப்புங்க. வியாழக்கிழமை கூட்டத்துல உங்க கோட்டை நானே பாஸ் பண்ணித் தரேன்" என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள், என்னைப் பேருந்தில் பேசியதைவிடக் கேவலமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்து, எதிர்வாதங்களைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவளோ அலமாரியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தாள். பிறகு, "கோடு வந்துடும்னா நான் போறேன் மாமா. அது பெருசு" என்றாள். அவ்வளவுதான். இப்போது அடுத்த அறையில் ஒற்றைக் கையால் பெட்டியில் துணி அடுக்குகிறாள். பெட்டியின் பூட்டு ஒற்றைக் கைக்கு மசியாமல் கடக் கடக்கென்று சத்தம் போடுகிறது. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இருந்தாலும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது என் வழக்கமல்ல. ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்பையும், ஒரு நகரம் நூறாண்டு விடப்போகும் மூச்சையும் தராசில் வைத்தால் எது கனம் என்பது பொறியாளனுக்குத் தெரிய வேண்டும். ஆகவே என் சொல் இது: ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நம் பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். கடையில் உட்கார வைக்கும்போது பசை வரிசைக்கு எதிர்ப்பக்கமாக உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டு ஊர் மறந்த பிறகு நானே வந்து கூட்டி வந்து படிக்கவைக்கிறேன்.

என் தங்கைக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு வெறும் தைலம் போதாது, மருத்துவரிடம் போகச் சொல்லவும். தங்கள் வியாபாரம் பெருகட்டும். பசை ஒன்று மட்டும் பெருகாதிருக்கட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல காற்றைச் சுவாசித்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
(முதியவன் அல்லன்)

பின்குறிப்பு: உறையை மூடப்போகும்போது அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வியாழக்கிழமைக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. கமிட்டி அறையின் பெரிய மேசைக்குப் புதிதாக வார்னிஷ் பூசுகிறார்களாம். வாசனை தலைவருக்கு ஆகாதாம். மேலே எழுதியதை அடிக்க நேரமில்லை, தாங்களே அடித்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவள் பெட்டியிலிருந்த துணிகளை நானே எடுத்து, அந்த ஆடாத அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன். கல்லூரிக்குப் போகிறாள். என் மனைவி பேசத் தொடங்கிவிட்டாள். ஒரே ஒரு தொழில்நுட்ப ஐயம்: தங்கள் பசை புது வார்னிஷில் பிடிக்குமா, அல்லது அது நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டுமா? காத்திருந்து பழகியவன்தான் நான். ஆனால் இந்த முறை வார்னிஷ் காயும்வரை மட்டும்.