இரும்புக்காரரை அனுப்ப வேண்டாம்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மேலே சொன்ன மூன்றாவது சௌக்கியத்தைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை எடுத்தால் பாதியிலேயே உங்கள் அக்கா பிடுங்கி மீதியை அவளே சொல்லிவிடுவாள். அவள் சொல்லும் கதையில் நான் எப்போதும் கொஞ்சம் முட்டாளாக இருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன பழைய இரும்புக்காரரை அனுப்ப வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இருபத்திரண்டு வருஷம் என்னோடு ஓடிய வண்டி. அதை உடைத்து எடைக்குப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மாதமாக 'ஙொய்ய்ய்' என்று சத்தம் வந்தது உங்களுக்குத் தெரியும். "ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். மெக்கானிக் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முதலில் பெல்ட் என்றார், பிறகு பேரிங் என்றார், கடைசியில் "ஃப்யூவல் பம்ப் சார், அவுட். இந்த மாடலுக்கு இப்ப பம்ப்பே வர்றதில்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அன்றுதான் அவள் உங்களுக்குப் போன் போட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நானே களத்தில் இறங்கினேன். அந்தப் பம்ப் பின்சீட்டுக்கு நேர் கீழே, பெட்ரோல் டாங்குக்குள் இருக்கிறது. இஞ்சின் கிளம்பாத அளவுக்குச் சாவியைத் திருப்பினால் அது இரண்டே விநாடி ஓடிவிட்டு நின்றுவிடும். சாவி முன்னால், பம்ப் பின்னால், நான் ஒருவன். ஆகவே உங்கள் அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைக் கையில் கொடுத்தேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக் காதைத் தகரத்தில் வைத்தேன். இடம் போதாமல் இரண்டு காலும் கதவுக்கு வெளியே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. "திருப்பு" என்பேன். திருப்புவாள். நான் காதைச் சரிசெய்வதற்குள் இரண்டு விநாடி முடிந்துவிடும். "மறுபடி!" "இப்பத்தானே திருப்புனேன்?" "அது போச்சு, மறுபடி!" "என்னத்தக் கேக்கிறீங்க அப்படி, உள்ள யாராவது பேசறாங்களா?" இப்படியே பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

அதுதான் வினையாயிற்று. எதிர்வீட்டில் ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். மாடியிலிருந்து என் அசையாத கால்களைப் பார்த்தவர், ஸ்டெதாஸ்கோப்போடு ஓடிவந்து, காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்து, தெருவில் மல்லாக்கப் போட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வண்டிக்குத்தான்!" என்று கத்தினேன். "பேசாதீங்க, பேசினா மூச்சு வாங்கும்" என்றார். உங்கள் அக்கா வந்து காப்பாற்றுவாள் என்று பார்த்தால், ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள், மச்சான்!

விஷயம் புரிந்ததும், வந்தது வீணாகக் கூடாதென்று நர்ஸம்மா வண்டிக்குள் ஏறி டாங்கின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "திருப்பும்மா." திருப்பினாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே, காலியா அதிருது. கடைசியா எப்ப நெறைய ஊத்தினீங்க?" முள் சிவப்புக்கோட்டில் கிடந்தது. வயசான வண்டி, வீண் பாரம் சுமக்க வேண்டாமே என்று நான் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவேன். எல்லாம் கருணைதான். "வயசானவங்கள பட்டினி போடறது கருணையா சார்?" என்று கேட்டார். டாங்க் நிறைய ஊற்றினோம். சத்தம் போயே போய்விட்டது! மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னால், "பம்ப் பெட்ரோல்ல முங்கியே இருக்கணும் சார், அதுதான் அதக் குளிர வைக்கும். நீங்க காயப்போட்டிருக்கீங்க" என்று முதலிலிருந்தே தெரிந்தவர்போல் பேசுகிறார். எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

ஆகவே இரும்புக்காரரை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் எல்லாம் எப்போதும் சத்தமில்லாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் அத்தான்

பின்குறிப்பு: வியாழக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். கடிதம் கண்டதும் இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். அன்று கொடுத்த சாவியை உங்கள் அக்கா திருப்பித் தரவில்லை. கேட்டால், "நான் லைசென்ஸ் எடுத்துப் பதினாறு வருஷம் ஆச்சு. நீங்க சாவியக் கொடுத்தது செவ்வாக்கிழமதான்" என்கிறாள். இன்று காலை நர்ஸம்மாவை முன்னால் ஏற்றிக்கொண்டு, போனால் போகிறதென்று என்னையும் பின்னால் உட்காரவைத்து, ஊரைச் சுற்றிவந்தாள். இரண்டு லாரிக்கு நடுவில் பின்பக்கமாகவே நுழைத்து ஒரே முயற்சியில் நிறுத்தினாள். எனக்கு அது இதுவரை வந்ததே இல்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள், மச்சான். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.