விசாரணையரின் துவக்கு

ஒரு பொருளைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டு, பிறகு அதை வாங்காமல் விடுவதில் விசாரணையரை வெல்ல ஒஸ்லோவில் மட்டுமல்ல, இந்த நோர்வே முழுவதிலும் ஆள் கிடையாது. சோறு அவிக்கும் குக்கர் ஒன்றுக்காகக் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் உள்ள கடை ஒன்று விடாமல் எட்டு மாதம் ஏறி இறங்கினார். மூடியின் கனம் பார்த்தார், வயரின் நீளம் அளந்தார், அடிச்சட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டார். கடைசியில் அந்த மொடல் குக்கர் வருவதே நின்றுபோனது.

“பாத்தியளோ தங்கச்சி, அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஏமாந்திருப்பன்” என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். மலரக்கா, அவருடைய மனைவி, அந்த எட்டு மாதமும் பழைய பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் பியோர்ண்டாலில் நாங்கள் ஒரே அடுக்குமாடி புளொக். அவருடைய சொந்தப் பெயர் கீழே இருக்கும் கடிதப்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் விசாரணையர். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். யார் முதலில் வைத்தது என்று சில காலம் விசாரித்தும் பார்த்தார்.

பதினொரு வருடமாகக் கார் வாங்க விசாரித்துக்கொண்டிருந்ததால் எங்கே போவதென்றாலும் என்னுடைய காரில்தான் போவார். ஏறி இருந்ததும் தொடங்கிவிடுவார்.

“இந்த மொடலுக்குக் கியர்பொக்ஸ் சரியில்லை, தங்கச்சி.”

“அப்ப இறங்கி பஸ்ஸிலை வாங்கோ அண்ணை.”

இறங்கமாட்டார். சீற்றைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டு பிரேக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான், வெங்காயம் வாங்கப் போகிறேன் என்கிற அதே குரலில், “தங்கச்சி, துவக்கொண்டு வாங்கலாமெண்டு யோசிக்கிறன்” என்றார். காரைக் கொண்டுபோய் பஸ் தரிப்பிடத்தில் ஏற்றப் பார்த்தேன்.

“உங்களுக்கென்ன விசரே? ஆரைச் சுடப் போறியள்?”

“ஒருத்தரையும் இல்லை. கடதாசியை.”

விசயம் இதுதான். அவர் ஒரு பெரிய அலுவலகத்தின் கன்ரீனில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வேலையிடத்தில் எல்லோரையும் எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருடம் கூட்டிப்போனது குறி பார்த்துச் சுடும் மண்டபத்துக்கு. ஆளுக்கு ஐந்து ரவை. விசாரணையர் முதலில் ரொயிலெற்றுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாராம். முகாமையாளர் பெண் போய்த் தட்டி, கெஞ்சி, கூட்டிக்கொண்டு வந்து பாயில் குப்புறப் படுக்கவைத்திருக்கிறாள்.

“தங்கச்சி, ஊரிலை இருந்த காலம் முழுக்க நான் துவக்கின்ரை முன்பக்கத்தைத்தான் பாத்தனான். பின்பக்கத்திலை ஆள் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது. அங்கை படுத்து, மூச்சை விட்டு, பாதியிலை நிப்பாட்டி… அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் பாத்தன். தலைக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை. அண்டைக்கு இரவு விடியுமட்டும் நித்திரை.”

அவர் ஒவ்வொரு இரவும் மூன்று நான்கு தடவை எழும்பிக் கதவுப்பூட்டைப் பார்ப்பவர் என்று மலரக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முப்பது வருடமாக அப்படித்தான். மனுசன் நித்திரையை விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறது, அது போயும் போயும் இந்த இடத்தில் கிடைத்திருக்கிறது.

இந்த நாட்டில் துவக்கு வாங்குவது லேசான வேலையில்லை. கழகமொன்றில் சேரவேண்டும், பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும், மாதக்கணக்கில் ஒழுங்காக வந்து கழகத்துத் துவக்கால் சுட்டுக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் பொலிஸிடம் அனுமதி கேட்கலாம். மற்றவர்கள் இதைக் கேட்டதுமே கும்பிடு போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். விசாரணையருக்கோ கொண்டாட்டம். விசாரிக்கச் சொல்லி அரசாங்கமே அவகாசம் கொடுத்திருக்கிறதே!

விசாரித்ததை எல்லாம் எழுதக் கொப்பி ஒன்று போட்டார். எங்கள் புளொக்கில் அவர் பிடித்து வைத்துப் பாடம் நடத்தாத ஆள் இல்லை.

“பெரிய துவக்கு எங்களுக்குத் தேவையில்லை. குழல் அளவிலை இருபத்திரண்டுதான் சரி. சின்ன ரவை. அடியிலை இருக்கிற விளிம்பிலை ஊசி தட்ட வெடிக்கும். சத்தமும் குறைவு, தோளிலையும் இடியாது, ரவையும் மலிவு. தானாச் சுடுற சாமானும் வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் கையாலை போல்ட்டை இழுத்துத் தள்ளவேணும். அப்பதான் மனுசன் ஆறுதலாச் சுடுவான்.”

இதை அவர் சொன்னது லிப்டுக்குள், கையில் பால் பைக்கற்றோடு நின்ற ஒரு சோமாலியப் பெண்ணுக்கு, அரைகுறை நோர்வேஜியனில். அந்தப் பெண் ஐந்தாம் மாடியில் இறங்கிவிட்டாள். அவளுடைய வீடு எட்டாம் மாடியில்.

மரப்பிடியா பிளாஸ்ரிக் பிடியா, புதிதா பழையதா, விசை எவ்வளவு மெல்ல அமுங்கவேண்டும் என்று ஊரெல்லாம் கேட்ட மனுசன் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டில். சனிக்கிழமைகளில் என்னோடு நீந்தப் போவதாக மலரக்காவிடம் சொல்லியிருந்தார். துவாயை நனைத்துக்கொண்டு போய்க் காட்டுகிற அளவுக்குக் கெட்டிக்காரர். நானும் அந்தப் பொய்க்கு உடந்தை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மலரக்காவின் தம்பியை ஊரில் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். பாண் வாங்கப் போன பிள்ளை. அதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. நோர்வேக்கு வந்த புதிதில், துவக்கு என்ற சாமான் இருக்கிற வீட்டில் தான் இருக்கமாட்டேன் என்று ஒருமுறை சொன்னாராம். இரண்டாம் முறை சொல்லவேண்டி வரவில்லை.

பிடிபட்டது ஜக்கெற்றால். ஒருநாள் அந்த ‘நீச்சல்’ முடிந்து திரும்பி, அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மலரக்கா அவருடைய ஜக்கெற்றைக் கொளுவப் போனவர், அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். திரும்பவும் மணந்தார்.

“நீந்தப் போன தண்ணியிலை வெடிமருந்தும் கலக்கிறவையோ?”

விசாரணையர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

“இது என்ன மணம் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? என்ரை உடுப்பிலையும் இருந்தது. அவனைத் தூக்கின உடுப்பு.”

விசாரணையர் எல்லாவற்றையும் சொன்னார். வேலையிடம், பாய், சின்ன வட்டம், நித்திரை, எல்லாம். மலரக்கா ஜக்கெற்றைக் கொண்டுபோய் பல்கனியில் தொங்கப்போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று கிழமை சமையல் நடந்தது, கதை நடக்கவில்லை. விசாரணையர் சனிக்கிழமை போவதை நிறுத்தினார். கொப்பியை என்னிடம் தந்து, “நீங்களே வைச்சிருங்கோ தங்கச்சி, இனி எனக்குத் தேவையில்லை” என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். கதவுப்பூட்டு மறுபடியும் ஆளைப் பிடித்துக்கொண்டது. அந்த மூன்று கிழமையும் என் காரில் ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. குறை சொல்லாத விசாரணையரை எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

நான்காவது சனி காலை யாரோ என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் மலரக்கா, குளிர்ச்சட்டை போட்டுத் தயாராக நிற்கிறார். பின்னால், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி விசாரணையர்.

“இரவிரவா இந்த மனுசன் கதவுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறதை எத்தினை வருசம் பாக்கிறது? அப்பிடி என்னதான் அங்கை கிடக்குதெண்டு நானும் ஒருக்காப் பாக்கிறன். காரை எடு.”

மண்டபத்தில் மலரக்கா பின்னால் கிடந்த மரவாங்கில் இருந்தார். காதுக்குப் போடுகிற மூடியைக் கொடுத்தார்கள். அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். முதல் வெடி. தோள் திடுக்கிட்டது. நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதற்கு ஒரு கண்ணைத் திறந்தார். அழுத்திய கையை மெல்ல எடுத்தார்.

“இவ்வளவுதானோ சத்தம்?”

பிறகு அவர் இலக்கைப் பார்க்கவேயில்லை. பாயில் கிடந்த மனுசனைத்தான் பார்த்தார். விசாரணையர் ஆடாமல் அசையாமல் கிடந்தார். காலாட்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும் மனுசன் இப்படிக் கிடந்து மலரக்கா கண்டதில்லை. மலரக்காவின் கண்ணால் தண்ணி ஓடியது. துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பின்சீற்றில் இருந்து குரல் வந்தது.

“வாங்குங்கோ. ஆனா கட்டையா ஒண்டு வாங்குங்கோ. அது உங்களுக்குப் பெரிசாக் கிடக்கு.”

கொப்பி முழுக்க எழுதிய மனுசனுக்கு இது தெரியாமல் போய்விட்டது! உண்மையில் அதுதான் முதலில் பார்க்கவேண்டிய விசயம். பிடி தோளில் படிந்தபடி விரல் விசைக்கு எட்டவேண்டும், கன்னம் பிடியில் வசதியாக இருக்கவேண்டும். கழகத்துத் துவக்குகள் எல்லாம் ஆறடி நோர்வேக்காரனுக்கு அளவெடுத்தவை. விசாரணையர் ஐந்தடி இரண்டு அங்குலம். அடுத்த கிழமை மூன்று பேருமாகத் துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் தயங்கித் தயங்கி, சிறுவர்களுக்கான மொடலை எடுத்து நீட்டினான். விசாரணையருக்கு முகம் சிவந்துவிட்டது. “கொஞ்சம் பிடிச்சுத்தான் பாருங்கோ” என்றார் மலரக்கா. பிடித்தார். அச்சொட்டாக இருந்தது. விலையும் குறைவு. விசாரணையர் அன்றைக்கே அதற்கு ஓடர் கொடுத்துவிட்டார். பொலிஸ் அனுமதியும் பூட்டுகிற இரும்பு அலுமாரியும் வந்து சேர ஆன காலம் பொலிஸின் கணக்கு, அவருடைய கணக்கில்லை.

துவக்கின் மேல் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று பொருத்தினார். வயதுபோன கண்ணுக்கு அது வேண்டும். மலிவானது, மேலே ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக மூடியில்லாத இரண்டு குமிழ்கள். குமிழை ஒரு ‘கிளிக்’ சுழற்றினால் ரவை படுகிற இடம் ஒரு துளி நகரும். கண்ணாடிக்குள் தெரிகிற சிலுவைக்கோடு நேராக நிற்கவேண்டும் என்பதற்காக, மண்டபத்துச் சுவரில் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலைப் பார்த்துப் பார்த்து ஒரு மணித்தியாலம் திருகாணி இறுக்கினார். ஐந்து விதமான ரவை வாங்கி எது இந்தத் துவக்குக்குப் பிடிக்கிறது என்று பார்த்தார். ஐம்பது மீற்றரில் ஐந்து வெடி, இரண்டு கிளிக், திரும்ப ஐந்து வெடி. கடைசியில் ஐந்தும் நடுவட்டத்துக்குள் விழுந்தன. ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு அவர்கள் வீட்டில் எங்கள் புளொக்குப் பிள்ளைகளின் புத்தகம், மலரக்காவின் தையல் மெசின், என்னுடைய கார்த் திறப்புக்கொத்து எல்லாம் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த மலரக்கா திரும்பிப் பார்க்காமலே, “அதையும் கொண்டுவந்து வையுங்கோ” என்றார்.

விசாரணையருக்கு விளங்க நேரமெடுத்தது. பிறகு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து, போல்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் துவக்கைக் கொண்டுவந்து வெள்ளைத்துணியில் கிடத்தினார். மலரக்கா கிட்ட வந்து குந்தினார். பொட்டு வைக்க நல்ல வட்டமான இடம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு குமிழிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். பூசை முடிந்ததும் ஈரத்துணி எடுத்து, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி இரண்டையும் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். நான் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிளிக், கிளிக் என்று கேட்டது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சனி. ஐந்து வெடி. ஐந்தும் ஒரு சதக்குற்றிக் காசு அளவுக்குள், ஆனால் நடுவில் இல்லை, கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்பக்கம். கழகத்தின் பயிற்சியாளர், வெள்ளைத்தாடிக் கிழவர், கடதாசியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இவ்வளவு அழகாகச் சுட்டு இப்படிப் பிழையான இடத்தில் விட்டிருக்கிறாயே, கண்ணாடி விலகியிருக்கிறது, நாலு கிளிக் திருப்பினால் சரி என்று கையை நீட்டினார். விசாரணையர் பட்டென்று குமிழை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“தொடவேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது” என்றார் நோர்வேஜியனில்.

கிழவர் என்னைப் பார்த்தார். நான் பைக்குள் கார்த் திறப்பைத் தேடினேன்.

காருக்குள் கேட்டேன். “அண்ணை, அக்கா துடைக்கேக்கை சுத்துப்பட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியுமெல்லே?”

“முதல் வெடியிலையே தெரியும்.”

“பிறகேன் திருப்பேல்லை? நாலு கிளிக்தானே?”

அவர் சாய்த்திருந்த சீற்றை நிமிர்த்தினார்.

“அவ துவக்கைத் தொட்டிட்டா, தங்கச்சி. தம்பி போனதுக்குப் பிறகு, தன்ரை கையாலை. அந்தக் கை நிப்பாட்டின இடத்திலையிருந்து அதைத் திருப்ப எனக்கு மனம் வரேல்லை.”

“அப்ப எப்பிடிக் குறி வைக்கப் போறியள்?”

“கொஞ்சம் கீழை, கொஞ்சம் இடப்பக்கம். பழகீடும்.”

பழகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கழகத்தில் நடுவட்டத்துக்கு வெளியே குறி வைத்து நடுவில் சுடுகிற ஒரே ஆள் அவர்தான். ஏனென்று கேட்கிறவர்களுக்கு அவர் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. மலரக்காவுக்கும் தெரியாது. அன்றைக்குக் காரை ஓரமாக நிறுத்தி அந்தக் கட்டை மனுசனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது எனக்கு. அழாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.