சங்கப் பலகையில் ஒரு சங்கிலிக் கணக்கு

கணக்கு வராவிட்டால் சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஊர்ப் போராட்டம் ஒன்றையே ஈரத்துணியால் துடைத்துப் போட்டவள் நான்.

அப்போது திருவாரூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் கூலித் தகராறு. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, வயலில் கூலி மாறவில்லை. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். நான் பி.எஸ்சி. பௌதிகம், இரண்டாம் வருடம். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். (அந்தத் திமிர் வேறு.)

வீட்டுப்பாடக் கணக்கு இதுதான்: ஒரு சங்கிலி பாதி மேசைமேல் கிடக்கிறது, பாதி தொங்குகிறது. அது வழுக்கி, முழுதும் மேசையை விட்டு விலகும் நொடியில் வேகம் என்ன? திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "நடவுக்குப் போக வேண்டியதெல்லாம் நியூட்டனைப் படிக்க வந்தா இப்படித்தான்" என்று எங்கள் சார் ஏற்கெனவே ஒருமுறை என்னைச் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு அந்த ஆள் வாயை அடைக்காவிட்டால் நான் மனுஷியே இல்லை.

ஞாயிறு மத்தியானத்துக்குள் தாள் தீர்ந்துவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. விடை வரவில்லை. சங்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே பெரிய கரும்பலகை உண்டு. அப்பா பக்கத்து ஊருக்கு ஆள் திரட்டப் போயிருந்தார். பலகையில் அவர் கையெழுத்தில் என்னவோ இருந்தது. போன மாதக் கூட்ட அறிவிப்பாயிருக்கும் என்று படிக்காமலே துடைத்தேன். ஒரு மணி நேரம் சாக்பீஸோடு மல்லுக்கட்டினேன். விடை வந்தது! அடியில் இரண்டு கோடு போட்டேன். மிச்சமிருந்த தாளில் பிரதி எடுத்துக்கொண்டேன். பலகையை அழிக்கவில்லை. ஊர் பார்க்கட்டுமே.

ஊர் பார்த்தது. காலையில் கொட்டகை முன்னால் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தினமும் பலகையைப் படித்துச் சொல்பவர் டீக்கடை மாணிக்கம் அண்ணன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"இங்கிலீஷ்ல போட்டிருக்கு. மேலிடத்து உத்தரவா இருக்கும்."

"வேலைக்கு இறங்கலாமா, கூடாதா?"

"கூடாதுன்னு எங்கயும் போடலயே!"

பாதிப் பேர் வயலுக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எவன் பலகையை அழிச்சது?"

"ஒன் வீட்டுப் பட்டதாரிதான்" என்றாள் சின்னம்மா.

அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு அடியே தேவலை. "நாளைக்கு ஒருத்தரும் நடவுக்கு இறங்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன் புள்ள."

வயலுக்கு ஓடினோம். பெண்கள் முழங்கால் சேற்றில் நின்றார்கள்.

"ஏறுங்க கரைக்கு! இன்னிக்கு வேலைநிறுத்தம்!"

"பாதி நட்டாச்சுண்ணே. மீதியையும் நட்டுட்டு வந்து நிறுத்துறோமே!"

நான் பஸ் ஏறிவிட்டேன். கணக்காவது மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

சார் இரண்டு தாள்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்று என்னுடையது. மற்றொன்று எங்கள் ஊர் மிராசுதார் மகன் ராஜகோபாலுடையது. இரண்டிலும் ஒரே தப்பு. ஆரம்பத்திலேயே பாதிச் சங்கிலி தொங்குவதை மறந்து, தொகையீட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தேன்.

"யாரைப் பார்த்து யார் எழுதுனது?"

ராஜகோபால் எழுந்தான். "சங்கப் பலகையைப் பார்த்து எழுதினேன் சார்."

வகுப்பே சிரித்தது.

"ஏம்மா, முழுசும் மேசைமேல கிடக்குற சங்கிலி தானா விழுமா?"

"விழாது சார். யாராவது இழுக்கணும். எங்க ஊர்ல இழுத்துக்கிட்டுதான் இருக்கோம்."

இருவருக்கும் பூஜ்யம். இருவரும் பெஞ்சுமேல் நின்றோம். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத ராஜகோபால் அங்கேதான் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் காரியஸ்தர் தினமும் சாயங்காலம் எங்கள் பலகையை உளவு பார்த்து எழுதிப் போவாராம். நேற்று என் கணக்கு போயிருக்கிறது.

"'என்னடா இது, ரகசியப் பாஷையா?'ன்னு அப்பா கேட்டாரு. 'பௌதிகம்பா'ன்னேன். அதுக்கப்புறம்தான் ரொம்பப் பயந்துட்டாரு. 'கூலிக்காரன் சங்கத்துல பௌதிகம் நடத்துறானுவளா? என்னடா செய்யப் போறானுவ?'ன்னு விடிய விடிய நடந்துக்கிட்டே இருந்தாரு."

சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது பேச்சுவார்த்தையே முடிந்திருந்தது. மிராசுதாரே காரியஸ்தரை அனுப்பி அப்பாவை அழைத்திருக்கிறார். கேட்ட கூலி உயர்வில் பாதி கிடைத்தது. "அந்தப் பாதியைத்தான்பா நான் கணக்குல விட்டுட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து பலகையின் தலையில் எழுதினார்: "இதில் பௌதிகம் எழுதக் கூடாது."

நான் முப்பது வருடம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். கொட்டகை கான்கிரீட் ஆகிவிட்டது. பலகை மூன்றாவது. அந்த வரி மட்டும் இன்னும் இருக்கிறது. வருடா வருடம் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஏன் என்று தெரியாமலே. இந்தப் பொங்கலுக்கு இப்போதைய செயலாளர் சாந்தி ஈரத்துணியோடு பலகையைத் துடைக்கக் கை வைத்தாள். வழியே போய்க்கொண்டிருந்த நான் என்னையறியாமல் கத்திவிட்டேன்:

"அடியே, படிச்சுப் பாத்துட்டுத் துடை!"

டீக்கடையில் உட்கார்ந்திருந்த கிழடுகள் அத்தனையும் சிரித்தன. மாணிக்கம் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.