படகு விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே, அக்கா

ஹண்ட்ஸ்வில், அலபாமா

அன்புள்ள நாடீன் அக்காவுக்கு, தம்பி வெர்லன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி லர்லீனும் சௌக்கியம். என் பேர்தான் அவ்வளவு சௌக்கியமாக இல்லை. அங்கே உன் முட்டிவலியும் ஹார்லன் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஏவுகணைத் தொழிற்சாலைக்குள் நான் கால் வைக்க வேண்டுமானால் அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்பது உனக்குத் தெரியும். குடிக்கிறவன் நாட்டு ரகசியத்தை உளறிவிடுவான் என்று அவர்களுக்குப் பயம். குடித்த காலத்தில் எனக்கு வீட்டு விலாசமே ஞாபகம் இருந்ததில்லை, ஏவுகணையின் நீளத்தை எங்கே உளறுவது? சரி, சிகிச்சைக்குப் போனேன், விட்டேன், இரண்டாவது வருஷம் நடக்கிறது, அதை நானே போய் அலுவலகத்தில் சொன்னேன். விட்டவனுக்கு அனுமதி உண்டு, ஆனால் விட்டதற்குச் சாட்சி வேண்டுமாம். விசாரிக்க வில்மா ட்ராஸ்க் என்று ஒரு அம்மாள் வந்தாள். முதலில் பக்கத்து வீட்டு டாயிலைக் கேட்டாள். "குடிச்ச காலத்துல தங்கமான மனுஷருங்க. பாட்டு என்ன, கூத்து என்ன! இப்ப வேலிக்கு மேல எட்டிப் பார்த்துத் தக்காளிச் செடியப் பத்தியே பேசிக் கொல்றாருங்க" என்றானாம். இது போதாதென்று, குடியை விட்டவர்கள் கூட்டத்தில் என்னைக் கைதூக்கிவிட்ட ஓடிஸ் கிம்பிளிடம் நானே அவளை அழைத்துப் போனேன். அங்கே யார் பேரையும் வெளியே சொல்லக்கூடாது என்பது கட்டுப்பாடு.

"இவரைத் தெரியுமா?"

"இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே, எனக்குப் பிடித்தபடி சர்க்கரையை அள்ளிப்போட்டுக் காப்பியை என்னிடம் நீட்டுகிறான் பாவி!

"யோவ் ஓடிஸ், நான்தான்யா சொல்லச் சொல்றேன்!"

"நீங்க யாரு சார்?"

நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான், "வெர்லனா! நம்ம பயலாச்சே!" என்று கட்டிக்கொண்டான்.

இனி உனக்குப் போன் வரும். நல்லதாக நாலு வார்த்தை சொல். குடித்த காலத்தில் ஒருநாள் அத்தானின் படகை ஏரியில் இறக்கப்போய் அவர் வண்டியையும் சேர்த்து இறக்கிவிட்டு, கரையில் நின்று கைதட்டினேனே, அதை மட்டும் சொல்லிவிடாதே. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இந்த வேலை போனால் இந்த வயசில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பிள்ளைகளுக்கு ஆசிகள். அத்தானுக்கு, அவர் வாங்கிக்கொள்வாரானால், என் வணக்கம்.

உன் தம்பி,
வெர்லன் டட்டில்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். போன மாதம் உறையை ஒட்டப்போகும்போது லர்லீன் படித்துவிட்டாள், அதனால் அனுப்பவில்லை. "அன்னைக்கு வாஷிங் மெஷினுக்குள்ள பாட்டிலை ஒளிச்சே. இன்னைக்கு அக்கா வாய்க்குள்ள படகை ஒளிக்கிறியா?" என்றாள். நின்ற இடத்திலேயே ட்ராஸ்க் அம்மாளுக்குப் போன் போட்டு, படகு, வண்டி, கைதட்டல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "உங்க அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க, மிஸ்டர் டட்டில். நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஆனா கைதட்டினதா அவங்க சொல்லலியே, ஆடினதாத்தானே சொன்னாங்க?" என்றாள். அனுமதி நேற்று வந்துவிட்டது. அக்கா, நிஜமாகவே நான் ஆடினேனா?